ஐந்தாவது சொல்

பதினொரு வருடம் வங்கியில்,
நகை அடைவுக் கவுண்டரில் இருந்தேன்.
கழுத்தில் கிடக்கும்போதே தெரிந்துவிடும்
இது இருபத்திரண்டு கரட், இது பித்தளைக்குப் பூசினது.
உரைகல்லை எடுப்பது
வந்தவர் மனம் நோகாமல் இருக்க மட்டும்.

இப்போது என்னை உரைக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை, திருகோணமலை ஆஸ்பத்திரி,
கடல் தெரியாத, ஆனால் கேட்கிற ஓர் அறை.
கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிற ஃபஸ்மிலா
ஐந்து சொல் சொல்லுவாள்:
திறப்பு. மழை. சவர்க்காரம். மச்சான். பச்சை.
இருபது நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்பாள்.
அதுவரை வேறு வேலை.
நூறிலிருந்து ஏழு ஏழாய்க் கழிக்கவேண்டும்.
தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு.
அதற்குமேல் யாரோ லாச்சியைப் பூட்டிவிடுகிறார்கள்.
மணிக்கூடு வரையச் சொன்னாள்.
பன்னிரண்டு எண்ணும் வலப்பக்கம் குவிந்து நின்றன,
மூதூர் லாஞ்சில் ஒரு பக்கமாய் ஏறின சனம்போல.
அவள் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

கொழும்பில் வெட்டி எடுத்தது நெல்லிக்காயளவு.
மகரகமவில் முப்பது நாள் கதிர்.
ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும் வீட்டில் பொங்கினோம்.
சுகம், சுகம் என்று எல்லோரும் சாப்பிட்டுப் போனார்கள்.
அடுப்பு இரவு வரை எரிந்தது.
அணைப்பதாகச் சொன்னது நான்.

யோகேந்திரர் குசினி டின்களில் எழுதி ஒட்டினார்.
உப்பு டின்னில்: 'இது சீனி இல்லை.'
எனக்குச் சீனி மட்டும் கண்ணில் பட்டது.
அந்தத் தேத்தண்ணியை அவர் முழுக்கக் குடித்தார்.
'இல்லாததை எழுதாதீங்க அண்ணா,
இருக்கிறதை எழுதுங்க' என்றாள் ஃபஸ்மிலா.

கன்னியாவில் ஏழு கிணறு.
ஒரே நிலம், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு.
ஐந்தாம் வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் பெயர்
தொட்டால் சுடுகிறது.
நேற்று வந்த டொக்டரின் பெயரைத்
தலையில் ஊற்றினாலும் தெரியவில்லை.

பிறகு தனியே கடைக்குப் போகிற பயிற்சி.
ஐந்து சாமான், என் கையெழுத்தில் ஒரு துண்டு.
டச்சுக்குடாப் பக்கம் வெயில் தலையைப் பிடிக்க
மரத்தடியில் குந்தினேன்.
மான் வந்தது.
ஊர் மான், பஸ்ஸுக்கு வழி விடாத மான்.
துண்டைக் கையிலிருந்து இழுத்துத்
தின்றுவிட்டது.

கடையில் நின்று கண்ணை மூடினேன்.
பாண். பருப்பு. நெருப்புப்பெட்டி. வெங்காயம்.
பின்னால் வரிசை நீண்டது.
ஏதாவது வாங்கவேண்டும் என்று
ஒரு பக்கட் பலூன் வாங்கினேன்.

'மான் திண்டிட்டுது' என்றேன் வீட்டில்.
யோகேந்திரர் பார்த்தார்.
அந்தப் பார்வையை எனக்குத் தெரியும்.
பூசின சங்கிலியைப் பொன்னென்று நம்பி
மடியில் கட்டிக் கொண்டுவருகிறவர்களை
கண்ணாடிக்கு இந்தப்பக்கமிருந்து
நான் பார்த்த பார்வை.
'ஓம், திண்டிருக்கும்' என்றார், மெதுவாக.

அன்றிரவு எனக்கே ஐமிச்சம்.
இடைவெளி விழுந்தால் மூளை தானாக
எதையாவது வைத்து அடைக்குமென்று
பெயர் நினைவில்லாத அந்த டொக்டர் சொல்லியிருந்தார்.
அது நினைவிருக்கிறது.
பையைக் கொட்டினேன். ஒரு மூலை கிடைத்தது,
ஊறிக் காய்ந்த கடதாசி,
அதில் இரண்டு எழுத்து: 'கறி'.
கறிவேப்பிலையா, கறித்தூளா,
எழுதினவளைக் கேட்டால் தெரியாது என்கிறாள்.

செவ்வாய்க்கிழமை அதை மேசையில் வைத்தேன்.
ஃபஸ்மிலா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்,
திருப்பிப் பார்த்தாள், அவசரப்படாமல்.
'பல்லுப் பட்டிருக்கு' என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.
எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது.

பிறகு வழமைபோல ஐந்து சொல்:
கதிரை. உப்பு. தங்கச்சி. நீலம். மான்.

இருபது நிமிடம்.

கதிரை, உப்பு, தங்கச்சி, நீலம் என்றேன்.
ஐந்தாவது நாக்கு நுனியில் நின்று
காதை ஆட்டியது, போய்விட்டது.
'பலூன்?' என்றேன்.

பேனை ஒரு கணம் தயங்கியது.
பிறகு பிழை என்றே போட்டாள்.

நானும் அப்படித்தான் போட்டிருப்பேன்.